வயோலாக்காரன் வில்லைப் பறிகொடுத்த கதை

படங்கள் வாய் திறக்காத காலம் அது. கோலாலம்பூர்க் கொட்டகையில் அவற்றுக்காக நாங்கள்தான் அழுதோம், சிரித்தோம், குதிரையும் ஓட்டினோம். ஆர்க்கெஸ்ட்ராவில் என் வாத்தியம் வயோலா. பிடிலுக்கு அண்ணன், உடம்பு பெரிது, குரல் கொஞ்சம் சளி பிடித்தது.

அதற்கு முன் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே பட்டறையில் வேலை. கோயில் கச்சேரிகளில் பாடகர்களுக்குப் பிடில் பக்கவாத்தியம். கொட்டகையின் பேண்ட் மாஸ்டர் சூசை, புதுச்சேரிக்காரர், எனக்கு இசையை எழுதிவைக்கும் நொட்டேஷன் தாளைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். பட்டறை வேலையை விட்டுவிட்டு வந்த முதல் நாளே சொல்லிவிட்டார்: "இன்னிக்கு ட்ரையல். ஒழுங்கா வாசிச்சா வேலை உனக்கு. சொதப்பினா பட்டறைக்கே போயிடு."

வீட்டில் என் மனைவி சிவகாமி வேறு மாதிரி சொல்லியனுப்பியிருந்தாள். "மறுபடி பட்டறை ஃபோர்மேன்கிட்ட போய் கைகட்டி நின்னீங்க, நான் கிள்ளானுக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

திரையில் கதாநாயகியைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டிருந்தார்கள். முதல் வயலின் பெட்ரோ, மனிலாக்காரர், உருக்கமாக ஒரு வரி வாசித்து நிறுத்தினார். என் தாளில் அங்கே ரெஸ்ட். சும்மா இருக்க வேண்டும். ஆனால் கச்சேரியில் பாடகர் ஒரு வரி பாடி நிறுத்தினால், பிடில்காரன் அதைத் திருப்பி வாசிப்பதுதான் மரியாதை. பழகிய கை கேட்குமா? பெட்ரோவின் வரியைக் கமகம் சேர்த்து அப்படியே வாசித்துவிட்டேன்.

"சபாஷ்!" என்று மலிவு பெஞ்சிலிருந்த ரயில்வே ஆட்கள் கத்தினார்கள். பெட்ரோ என்னை முறைத்துவிட்டு அடுத்த வரியை வேண்டுமென்றே வேகமாக வாசித்தார். விடுவேனா! மாறி மாறிப் பறந்தோம். ரயில் போய், கதாநாயகி தப்பி, கல்யாணத்தில் பாதிரியார் ஆசீர்வாதம் செய்யும்போதும் எங்கள் ரயில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

விளக்கு எரிந்ததும் சூசை மாஸ்டர் நேரே என்னிடம் வந்தார்.

"யோவ், ரெஸ்ட் போட்டிருக்கே, கண்ணு தெரியலையா?"

"தெரிஞ்சுது மாஸ்டர். அவரு வாசிச்சு நிறுத்தினாரு. பதில் வாசிக்காம எப்படி சும்மா இருக்கிறது?"

பெட்ரோ வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "ஓராங் இனி பாகுஸ் லா" என்றார். இந்த ஆள் நல்ல ஆள் என்று மலாயில் சிபாரிசு! மாஸ்டர் பெருமூச்சு விட்டார்.

"சரி, வேலை உனக்குத்தான். ஆனா ரெஸ்ட் வந்தா வயோலா வில்லை ட்ரம்காரன்கிட்ட குடுத்துடணும்."

வயோலாவுக்கு வரும் தம்பிகளே, சும்மா இருப்பதற்கும் சேர்த்துத்தான் சம்பளம். எனக்கு அது பழக வெகுநாள் ஆனது. அதுவரை ஒவ்வொரு ரெஸ்டிலும் வில் கை மாறும், பெஞ்சுகள் "குடுய்யா வில்லை!" என்று ட்ரம்காரனை அதட்டும். அந்தக் கூச்சலுக்கு மேலே ஒரு பெண்குரல் தனியாகக் கேட்கும்:

"அண்ணே, எங்க வீட்டுக்காரர் வில்லைக் குடுத்துடுங்க!"

சிவகாமி கிள்ளானுக்குப் போகவேயில்லை.