புளி போட்டுத் துலக்கிய காசுகள்

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு வந்ததைக் கொட்டிவிடுவேன். அரை மணி நேரத்தில் கோபம் இறங்கிவிடும், கொட்டிய சொல் இறங்காது. இதை ஐம்பத்தெட்டு வயதில்தான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவர் என் கணவர், அதுவும் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசாமல்.

நான் பழைய காசு சேர்ப்பவள். சிரம்பானில் ஒரு மளிகைக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்த காலத்தில் தொடங்கிய பைத்தியம் அது. சில்லறையோடு சில்லறையாக வெள்ளைக்காரன் காலத்துக் காசும் எப்போதாவது வந்து விழும். முதலாளி தூக்கிப் போடச் சொல்வார். நான் என் பையிலிருந்து நல்ல காசைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வேன். பிறகு லாபுவில் எங்கள் தோட்டத்து லயங்களை, தொழிலாளர் வரிசை வீடுகளை, காலி செய்து எல்லாரும் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் போனபோது, சாமித் தட்டுக்கு அடியிலும் அலமாரித் தாளுக்குக் கீழேயும் கிடந்ததை எல்லாம் எனக்கென்று கொண்டுவந்து கொடுத்தார்கள். பெரும்பாலும் சதுரக் காசுகள். மூலை மழுங்கிய செம்புச் சதுரம், ஒரு பக்கம் ராஜா தலை. இரண்டு பிஸ்கட் டின் நிறைய வைத்திருந்தேன்.

காசு சேர்ப்பவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. காசைக் கழுவக் கூடாது. அதன் மேல் ஏறியிருக்கும் கருப்புதான் அதன் வயது, அதன் மதிப்பு. கழுவிவிட்டால் எந்த வியாபாரியும் திரும்பிப் பார்க்கமாட்டார். இதை நான் வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை. யாராவது கேட்டால்தானே சொல்வது என்று இருந்துவிட்டேன்.

என் கணவர் தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். காலை ஐந்தரை மணிக்கு ஆள் பிரித்து வேலைக்கு அனுப்பிப் பழகிய மனிதருக்கு, ஓய்வு பெற்றதும் அதிகாரம் செய்ய நான் ஒருத்திதான் மிச்சம். நான் அடங்குகிற ஆள் இல்லை. அதனால் கோழி வளர்த்தார். சீக்கு வந்து ஒரே வாரத்தில் எல்லாம் போயிற்று. மிளகாய் போட்டார். குரங்குகள் பிடுங்கிப் போட்டன. அப்போதெல்லாம் நான் சும்மாதான் இருந்தேன். சும்மா இருந்ததை எல்லாம் சேர்த்துவைத்து ஒரு நாள் கொட்டினேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பின்வாசல் படியில் குத்துவிளக்கும் காமாட்சி விளக்கும் செம்பும் பளபளவென்று வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. பண்டிகைக்கு முன் பித்தளைச் சாமான்களைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்குவது எங்கள் வழக்கம். அந்த வருடம் நான் சொல்லாமலே அவர் செய்திருந்தார். பக்கத்தில் விரித்திருந்த பேப்பரில், வரிசை வரிசையாக, என் காசுகள். ஒவ்வொன்றையும் புளி போட்டு, தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்து, ராஜா முகம் ரோஜா நிறத்தில் மின்னும்படி செய்திருந்தார். அவர் விரல் நுனியெல்லாம் வெளிறிச் சுருங்கியிருந்தது.

"எப்பிடி? அழுக்குப் புடிச்சுக் கெடந்துச்சு, இப்பப் பாரு," என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நான் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்: "நீங்க தொட்டது எது உருப்பட்டுருக்கு? இனிமே என் சாமான் எதுலயும் கை வைக்காதீங்க."

அவர் எழுந்தார். விளக்குகளை உள்ளே கொண்டுபோய் வைத்தார். கை கழுவினார். அன்றிலிருந்து வீட்டில் எதையும் தொடுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் அடுப்படி வாசலில் நின்று, "ஒரு கிளாஸ் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்பார். மின்விசிறி போடக் கேட்பார். நான் வாங்கிவந்த பேப்பரைப் பிரிக்கக் கேட்பார். குத்திக்காட்டக் கேட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசித் தீர்த்திருப்பேன். அவர் உண்மையாகவே கேட்டார். ஆள் பிரித்து வேலை வாங்கிய மனிதர் சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி நின்றார். ஆனாலும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. காசுகளைக் கெடுத்தது அவர்தானே, நான் ஏன் கேட்க வேண்டும் என்று ஒரு வீம்பு.

அந்த வீம்போடுதான் காசுகளைத் தூக்கிக்கொண்டு தெமியாங் பக்கம் பழைய காசு வாங்கும் சீன வியாபாரியிடம் போனேன். அவர் ஒன்றைக் கையில் எடுத்து, உடனே கீழே வைத்துவிட்டார். "சியாப்பா சூச்சி?" என்றார். யார் கழுவியது என்று கேட்கிறார். புருஷன் என்றேன். "ஹையோ, ரோசாக் லா," என்று தலையை ஆட்டினார். கெட்டுப்போயிற்றாம். அது எனக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் வேறு யாராவது சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு காசை வெறித்துப் பார்த்தபடி இருந்தேன். மேசையில் மகள் விட்டுப்போன நகப்பூச்சு ஒன்று இருந்தது, நீல நிறம். எரிச்சலில் ராஜா தலையைச் சுற்றி இருந்த பள்ளத்தில் அதைத் தடவினேன். ராஜாவை அடையாளம் தெரியாமல் ஆக்கவேண்டும் என்றுதான் நினைப்பு. நடந்தது வேறு. நீலத்துக்கு நடுவில் அந்த முகம் செம்பாக எழுந்து நின்றது. இன்னொன்றுக்கும் தடவினேன். அதுவும் அப்படியே.

மூன்றாவதாக ஒரு காசு எடுத்தேன். அது என் கைப்பையில் கிடந்ததால் புளியில் இருந்து தப்பிய காசு, கருப்பும் பிசுக்குமாக இருந்தது. அதில் பூச்சு நிற்கவில்லை. காய்ந்ததும் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்துவிட்டது. உரிந்த அந்த நீலத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அவர் தேய்த்ததால்தான் மற்ற இரண்டிலும் நிறம் பிடித்தது. அவர் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிறகு அம்பாங்கானில் ஒரு கடையில் சின்னச் சின்ன டப்பாவில் எனாமல் பெயிண்ட் வாங்கினேன். பல் குத்தும் குச்சி முனையால் நிறம் வைப்பேன், இரண்டு நாள் காயவிடுவேன், மேலே தெளிந்த வார்னிஷ். தோடு, பதக்கம், கொலுசுக்குத் தொங்கட்டான் என்று காசுகள் நகையாக மாறின. முடிந்த ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு எண் போடுவேன். காசு சேர்த்த காலத்துப் புத்தி அது. ஓட்டை போடத்தான் அவர் தேவைப்பட்டார். துளை போடும் மெஷின் அவருடையது. கூப்பிட்டதும் வந்தார். ஆனால் காசைத் தொடமாட்டேன் என்றார்.

"நீ கொறடால புடிச்சுக்க. நான் மெசின மட்டும் ஓட்டுறேன்."

அப்படியே நடந்தது, மாதக்கணக்கில். ஒரு பலகையில் காசை வைத்து நான் பிடித்துக்கொள்வேன், அவர் துளை போடுவார். இருவர் தலையும் முட்டுகிற தூரம்தான். பேச்சு என்னவோ, "கொஞ்சம் தள்ளு", "போதும்", இவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பாங்கான் காலைச் சந்தையில் ஒரு மேசை போட்டோம். அவர் மேசையைத் தூக்கிவந்து விரிப்பார், பிறகு கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். ஒன்பது மணிக்கு நான் தே தாரிக் வாங்கப் போவேன், இழுத்து ஆற்றிய பால் தேநீரைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுப்பார்கள். அடுத்த தீபாவளி நெருங்கிய ஒரு ஞாயிறு, வழக்கமான கடையில் கூட்டம் என்று பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு சீக்கிரமே திரும்பினேன். மேசைக்கு முன்னால் ஒரு இளம்பெண் நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், இவ்ளோ பழைய காசு எப்பிடி இப்பிடி மின்னுது?"

"அது என் தப்பும்மா," என்றார் அவர். "எங்க வீட்டுக்காரம்மா முப்பது வருசமா சேத்து வச்சது. நான் ஒண்ணும் தெரியாம புளி போட்டுத் தேய்ச்சுக் கெடுத்துட்டேன். அவங்கதான் பெயிண்ட் அடிச்சு அதுக்கு ஒரு வழி பண்ணாங்க. என் கை ராசி அப்பிடி லா."

பக்கத்தில் முறுக்கு விற்கும் பெண் என்னைப் பார்த்துவிட்டு, "நீங்க தேத்தண்ணி வாங்கப் போனா போதும்க்கா, வாராவாரம் இதே கதைதான் சொல்றாரு. யாரு கேட்டாலும்," என்று மெல்லச் சொன்னாள்.

தேநீர்ப் பை கையைச் சுட்டது. சுடட்டும் என்று நின்றேன். என் ஒரு வாக்கியத்தை அந்த மனிதர் ஒரு வருடமாகச் சுமந்து, முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம் தன் வாயால் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. மேசைக்குப் போய்ப் பையை வைத்தேன்.

"இவரு கெடுக்கலம்மா," என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "இவரு தேய்க்கலன்னா பெயிண்டே ஒட்டாது. கழுவாத காசுல அடிச்சுப் பாத்தேன், உரிஞ்சு வந்துருச்சு. மூணாவது காசுலயே எனக்குத் தெரியும். இவருகிட்டச் சொல்லல."

"ஏன் ஆன்ட்டி சொல்லல?"

"திமிருதான்," என்றேன்.

அவள் என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தாள். ஒரு ஜோடி நீலத் தோட்டில் ஒன்றைக் காதருகே வைத்துப் பார்த்து, இதையே எடுத்துக்கொள்கிறேன் என்றாள். நான் உறை தேடினேன். கண் மறைத்தது, கைக்கு உறை அகப்படவில்லை.

"மூணாவது காசுலயேவா?" என்று கேட்டார் அவர். என்னைப் பார்க்கவில்லை, அந்தத் தோட்டைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஆமா."

"இது எத்தனாவது?"

நோட்டைப் பார்க்கத் தேவையே இல்லை, ஒவ்வொரு எண் போடும்போதும் இன்னும் அவரிடம் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டவள் நான். "நூத்துப் பதினொண்ணு, நூத்துப் பன்னெண்டு," என்றேன்.