தெர்மாஸில் போன அத்திப்பழம்

அர்ஜென்டினாவின் மெந்தோசா ஊரில் நெலிதாவுக்கு வெந்நீர்க்காரி என்றே பெயர். எங்கே போனாலும் கையிடுக்கில் தெர்மாஸ் இருக்கும். யார் கேட்டாலும், அந்த ஊர்க்காரர்கள் டீ மாதிரி குடிக்கும் மாத்தே இலைத்தூளில் ஊற்றிக் கொடுப்பாள். அந்தக் கை ஒரே ஒருமுறைதான் இல்லை என்றது.

மலைக்கு அந்தப் பக்கம், சிலியில் வாழ்க்கைப்பட்ட தங்கை இர்மா படுத்த படுக்கையாகிவிட்டாள். தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. பிறந்த வீட்டு வாய்க்காலோர மரத்து அத்திப்பழம் கிடைத்தால் தின்பேன் என்று போனில் சொன்னாள். சிலிக்காரர்களோ பூச்சி வந்துவிடும் என்று எல்லையில் ஒரு பழத்தைக்கூட உள்ளே விடமாட்டார்கள். அதனால் ஊர்சனம் சோதனைச் சாவடிக்கு முன்னாலேயே காரை ஓரங்கட்டி, கொண்டுவந்ததையெல்லாம் தின்று தீர்த்துவிட்டுத்தான் போகும். நெலிதா சாவடியைக் கிள்ளுக்கீரையாக நினைத்துவிட்டாள். வெந்நீரைக் கொட்டிவிட்டு, தெர்மாஸுக்குள் பழங்களைப் போட்டு மூடினாள்.

வழியெல்லாம் மாத்தே கேட்டு ஓய்ந்த கணவன் ஒஸ்வால்தோ, "வெந்நீர் இல்லாம மலையேறுற முதல் அர்ஜென்டினாக்காரி நீதான்டி" என்று முனகினான்.

சாவடியில் இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முத்திரை குத்தியவன் நம்மூர்ப் பையன், குளிரில் வெடவெடத்துக்கொண்டிருந்தான். ஒரு மாத்தே கிடைக்குமா என்றான். நெலிதா தெர்மாஸை இடுக்கிக்கொண்டாள். தண்ணீர் தீர்ந்துபோச்சு என்றாள். பாவி, நல்லவனாக வேறு இருந்து தொலைத்தான்! நிரப்பித் தருகிறேன் என்று வாங்கித் திறந்தேவிட்டான்.

"தங்கச்சிக்குப்பா. முடியாம கிடக்கா."

அவன் சிலி அதிகாரியை ஓரக்கண்ணால் பார்த்தான். சட்டென்று மூடினான். "அவரு கண்ணுல பட்டா வம்பு. வெளிய போய்த் தின்னுட்டு வந்துடுங்கம்மா."

காரில் உட்கார்ந்து அழுதுகொண்டே தின்றாள். கை நீட்டிய ஒஸ்வால்தோவுக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. தங்கை பங்கை வேறு யார் தின்பது?

வெறுங்கையோடு போய் நின்றவளின் விரல்களை இர்மா பிடித்தாள். அத்திப்பால் பிசுக்கு இன்னும் போகவில்லை. முகத்தோடு சேர்த்து முகர்ந்தாள்.

"வாய்க்காலோர மரந்தானேக்கா?"

"ஆமாடி."

"இனிப்பா இருந்துச்சா?"

"தேனுடி."

இர்மா சிரித்தாள். விரலை விடாமலே தூங்கிப்போனாள்.

அந்தக் கோடையோடு இர்மா போய்ச் சேர்ந்தாள். இன்றும் அத்தி பழுத்தால் நெலிதா மலையேறுகிறாள். தெர்மாஸில் வெந்நீர் தளும்பும். சாவடிக்கு முன்னால் காரை நிறுத்திப் பழங்களைத் தின்றுவிட்டுத்தான் கடக்கிறாள். கையை மட்டும் கழுவுவதில்லை, இர்மாவின் கல்லறையைத் தொடும்வரை.