முதல் மழையும் சுங்குலம்மாவும்

ஆந்திராவின் ஜொன்னகிரியில் முதல் மழை மண்ணைக் கழுவிவிட்டுப் போனதும், ஊரே குனிந்த தலை நிமிராமல் நிலங்களில் வைரம் தேடும். அப்படி ஒரு வருஷம் யாருடையதோ கடலை நிலத்தில் சுங்குலம்மாவுக்குக் கொண்டைக்கடலை அளவில் ஒரு கல் கிடைத்தது. மூக்குத்தியாக்கிப் போட்டுக்கொள்ள ஆசைதான். ஆனால் கல்லை விற்று அந்த நிலத்தையே வாங்கினாள்.

இந்த வருஷம் மழை விட்டதும் அயலூர்க் கூட்டம் அவள் நிலத்தில் மொய்த்தது. புருஷன் மத்திலேட்டி வேலியடைக்க முள் வெட்டிக்கொண்டு வந்தான்.

"விடுய்யா! அன்னைக்கு எவனாவது முள்ளு போட்டிருந்தா இது நம்ம நெலமாயிருக்குமா?" என்றவள், புளிச்சோற்றுத் தூக்கோடு எதிர்த்திசையில் நடந்தாள்.

"ஏய், நம்ம நெலம் இந்தப் பக்கம்டி!"

"நம்முதுலதான் ஒண்ணு எடுத்தாச்சே. பக்கத்து நெலத்தைப் பாத்துட்டு வாரேன்."