கோவிந்தம்மாளின் எட்டாவது கண்ணாடி

ஏழு கண்ணாடிகளை உடைத்தான் அந்தப் பாவி. முதலாவது 1991-இல், குழம்பில் உப்பு ஜாஸ்தி என்பதற்காக. ஏழாவது 2008-இல், எதற்கென்று கேட்டால் புகழேந்திக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் முறை மட்டும் மாறாது. அவன் வலது கை முதலில் பெண்டாட்டி கோவிந்தம்மாளின் மூக்குக்கு வரும். கண்ணாடியைப் பிடுங்கிச் சுவரில் எறியும். அடி அதற்குப் பிறகுதான்.

அவன் ஒன்றும் முட்டாள் இல்லை. ஆம்பூரில் ஒரு கம்பெனியில் தோல் வெட்டும் கட்டர். கண்ணாடி போனால் அவள் பாதி ஆள் என்று நன்றாகத் தெரியும். அவள் வேறொரு ஷூ கம்பெனியில் செக்கர். தைத்து வரும் ஷூவின் மேல்பாகத்தை எடுத்து, தையல் நேராக ஓடுகிறதா, எங்கே நூல் தாவியிருக்கிறது என்று பார்த்து, கோணலைத் திருப்பி அனுப்புவது அவள் வேலை. கண்ணிலோ சிறு வயதிலிருந்தே கோளாறு. கருவிழி பந்து மாதிரி இல்லாமல் முட்டை மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது. படுக்கையாக ஓடும் தையல் ஓரளவு தெரியும், நெட்டுக்குத்தாக ஓடும் தையல் கலங்கிப் புகையாகிவிடும். அதற்குச் சிலிண்டர் பவர் போட்டு அரைத்த கண்ணாடி வேலூரிலிருந்து வர இரண்டு வாரம் ஆகும். அதுவரை அவளைப் பசை தடவும் மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள். நேற்றுவரை அவளிடம் பேச்சு வாங்கிய பெண்கள் நமட்டுச் சிரிப்பு சிரிப்பார்கள். வாங்கிய அடியைவிட அந்தச் சிரிப்புதான் அவளை அறுத்தது.

"இன்னாம்மா, மறுபடியும் கதவா?" என்பார் சூப்பர்வைசர் லியாகத் அலி.

"ஆமா பாய். கதவுதான் இடிச்சிடுச்சு."

புருவம் கிழிந்து மூன்று தையல் போட்டபோதும் கதவு. தோள்பட்டை இறங்கியபோதும் கதவு. பஜார் பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஆரோக்கியமேரி சீட்டை எடுக்கும் முன்பே இவள் கதவு என்று ஒப்பித்துவிடுவாள். அந்த வீட்டில் இருந்ததே ஒரே ஒரு தகரக் கதவு! அது எத்தனை பேரைத்தான் அடிக்கும்?

"அவரு நல்லவருதான். கோவம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது, அவ்ளோதான்." மாமியார் சொன்னாள், தெருவே சொன்னது, கடைசியில் கோவிந்தம்மாளும் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பதினெட்டு வருஷம் ஓட்டினாள்.

2009-இல் சர்க்கரை வியாதியோடு கண்ணில் புரையும் சேர்ந்தது. வேலூரில் கண் டாக்டர் ஜெனிஃபா பார்த்துவிட்டுச் சொன்னார்.

"புரையை எடுத்துட்டு உள்ளே ஒரு லென்ஸ் வைப்போம். கருவிழியோட கோணலையும் சேர்த்துச் சரி பண்ற லென்ஸ் இருக்கு, உங்களுக்கு அதுதான் சரி. அப்புறம் இந்தக் கனத்த கண்ணாடி தேவையில்ல. கிட்டத்துல பார்க்க மட்டும் ஒண்ணு வேணும், அது கடையில ரெடிமேடாவே கிடைக்கும்."

"உள்ளே வெச்சா, யாராவது பிடுங்க முடியுமா டாக்டர்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவள் புருவத் தழும்பைப் பார்த்தார். "முடியாதும்மா. ஆனா அது சரியான கோணத்துல உட்காரணும். முதல் ஒரு வாரம் அடிகிடி பட்டா திரும்பிக்கும். அப்புறம் மறுபடி உள்ளே போய்த்தான் சரி பண்ணணும்."

பிடுங்க முடியாது! அது ஒன்று போதாதா? விரிஞ்சிபுரத்தில் அக்கா வீட்டு விசேஷம் என்று புருஷனிடம் புளுகிவிட்டு வேலூருக்கு பஸ் ஏறினாள். படுத்தால் கண் லேசாகச் சுற்றிக்கொள்ளுமாம். அதனால் உட்கார வைத்தே வலது கண்ணின் ஓரத்தில் மையால் குறி போட்டார்கள். குறி பார்த்து லென்சைத் திருப்பி உட்கார வைத்தார்கள். இடது கண் அடுத்த மாசம். மூன்று நாள் அக்கா வீட்டில் கிடந்தாள். நாலாம் நாள் அங்கே விருந்தாளிகள் வந்து குவிய, போக்கிடம் இல்லாமல் வீட்டுக்கே திரும்பினாள்.

அன்றே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். புகழேந்தி அவள் பையைக் குடைந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துவிட்டான்.

"யாரைக் கேட்டு கண்ணை அறுத்துக்கினே?"

"வேணாங்க. ஒரு வாரம் மட்டும் அடி படக்கூடாதாம். உங்க காலைப் பிடிக்கிறேன். அப்புறம் இன்னா வேணா பண்ணுங்க."

கை வந்தது. வழக்கம்போல நேராக மூக்குக்குத்தான் வந்தது. அங்கே பிடுங்க ஒன்றுமில்லை. விரல்கள் வெறுங்காற்றைக் கிள்ளிவிட்டு நின்றன.

அப்போதுதான் அவனைப் பார்த்தாள். அடிக்கிற நேரத்தில் அவன் முகம் எப்படி இருக்கும் என்று இந்தப் பதினெட்டு வருஷத்தில் அவள் கண்டதே இல்லை. அதில் கோபமே இல்லை! வாசல் பக்கம் திரும்பி, தாழ் போட்டிருக்கிறதா என்று பார்த்தான். பிறகு அவள் முகத்தில் இடம் தேடினான். தோலை மேஜையில் விரித்து, கத்தியை எங்கே வைக்கலாம் என்று கட்டர் தேடுவானே, அதே நிதானம். தேடிய பார்வை அவள் வலது கண்ணில் வந்து நின்றது.

"அடப்பாவி! உனக்கு நல்லாத்தான்டா கண்ணு தெரியுது!"

முஷ்டி வந்த வேகத்தில் முகத்தைத் திருப்பினாள். அடி காதில் விழுந்தது. காது கிழிந்து ரத்தம் கழுத்தில் வழிந்தது. இரண்டாவது அடி முதுகில். தரையில் விழுந்தவள் கையில் கதவுக்கு முட்டுக்கொடுக்கும் கட்டை தட்டுப்பட்டது. ஷூவை மாட்டி வடிவம் பிடிக்கிற, பாதம் மாதிரி இழைத்த கனத்த மரக்கட்டை. மறுபடி கண்ணை நோக்கி வந்த கையின் மணிக்கட்டில் ஓங்கிப் போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

அவன் அலறினான். அவள் நிற்கவில்லை. தோளில் ஒன்று. வாயில் ஒன்று, இரண்டு பற்கள் தரையில் விழுந்தன. "வேணாம்டி... கோவிந்து, வேணாம்டி..." என்று மூலைக்குத் தவழ்ந்தவனின் முழங்காலில் இன்னொன்று. வேணாம் என்று அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! பக்கத்து வீட்டு அஃப்ஸர் ஜஹான் தகரக் கதவை உதைத்துத் திறந்து, பின்னாலிருந்து அவளைக் கட்டிப் பிடித்தாள்.

"செத்துடுவான்டி! உட்டுடு, உட்டுடு!"

இருவரும் சேர்ந்து அவனை ஆட்டோவில் தூக்கிப் போட்டார்கள். பஜார் பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஆரோக்கியமேரி சீட்டை எடுத்தாள்.

"எப்படி ஆச்சு?"

புகழேந்தி தரையைப் பார்த்தான். உடைந்த வாயால் மெல்லச் சொன்னான். "கதவு... கதவு இடிச்சிடுச்சு."

கோவிந்தம்மாள் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்ச் சுவரின் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துகளின் நெட்டுக்கோடுகள் ஒன்றுகூடக் கலங்கவில்லை. லென்ஸ் திரும்பவில்லை. மறுநாள் வேலூரில் டாக்டரும் அதையேதான் சொல்லப்போகிறார். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"கதவு இல்ல சிஸ்டர். நான்தான் அடிச்சேன். அப்படியே எழுதுங்க."

"யோசிச்சு சொல்லும்மா. போலீஸ் கேஸாயிடும்."

"ஆவட்டும். எனக்குப் போட்ட பழைய சீட்டெல்லாம் இங்கதானே இருக்கும்? அதையும் எடுங்க. கதவுன்னு இருக்கற எடத்துல எல்லாம் இவன் பேரை எழுதுங்க."