ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம்

எனக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என்று சொன்னதுமே எல்லாரும் கேட்பது 1991 மே மாதத்தைப் பற்றித்தான். அன்றைக்கு எங்கே இருந்தீர்கள், சத்தம் கேட்டதா என்பார்கள். எங்கள் ஊர் சுங்குவார்சத்திரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் உள்ளே தள்ளிக் கிடக்கிற ஊர். சத்தமும் கேட்கவில்லை, ஒன்றையும் பார்க்கவில்லை. மறுநாள் பஸ் ஓடவில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அந்த வருஷத்தில் என் மனசில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருப்பது அதற்கு மூன்று மாதம் முன்னால் நடந்த ஒரு கூட்டம். அதை யாரும் கேட்பதில்லை. நானும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது நான் ஊர் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு வரலாறு எடுத்துக்கொண்டிருந்தேன். பிப்ரவரி என்றால் பாடம் எல்லாம் முடிந்து ரிவிஷன் நடக்கிற மாதம். மற்ற பாடங்களை எப்படியோ ஓட்டிவிடுவேன், இரட்டை ஆட்சி வந்தால் மட்டும் எனக்குக் கோபம் வந்துவிடும். நம் ஆட்களைக் கப்பல் ஏற்றி முதல் உலகப் போரில் சாகக் கொடுத்தான் வெள்ளைக்காரன். கொடுத்துவிட்டு, இவர்களுக்குத் தன்னாட்சி தரலாமா, தந்தால் எவ்வளவு தரலாம் என்று லண்டனில் உட்கார்ந்து யோசித்தான். யோசித்து 1919இல் ஒரு சட்டம் போட்டான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி இதையெல்லாம் இந்திய மந்திரிகள் பார்த்துக்கொள்ளலாம். போலீசும் நிலவரியும் கஜானாவும் அவன் கையில். மிச்சத்தை எப்போது தருவது என்பதையும் அவனே முடிவு செய்வான். நமக்குப் பக்குவம் வந்துவிட்டதா இல்லையா என்பது அவனுக்குத்தானே தெரியும். "நமக்குப் பக்குவம் வந்துச்சான்னு சொல்ல இவன் யாரு?" என்று மேஜையைத் தட்டிக் கேட்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். ரோஷக்கார டீச்சர் என்று எனக்குப் பேர்.

காலனி, ஊருக்குத் தெற்கே ஏரிக்கரை தாண்டி இருந்தது. இரண்டுக்கும் ஒரே பஞ்சாயத்து. காலனிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் காலனியில்தான் இருந்தது, மோட்டார் ரூம் சாவி மட்டும் ஊரில். சாவிக்காரர் போய்ப் போட்டால் தண்ணீர், போகாவிட்டால் இல்லை. முந்தின வருஷம் காலனியில் ஒருவர் செத்துப்போன அன்று சாவிக்காரர் ஏதோ வேலையாக வாலாஜாபாத் போய்விட்டார். பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லாமல் சாயந்திரம்வரை போட்டு வைத்திருந்தார்கள். செத்தவரின் மனைவி கழனி வேலைக்குப் போகிற அம்மா. மகள் எங்கள் பள்ளியில் ஒன்பதாவது படித்தாள். அந்தம்மாதான் காரியம் முடிந்த கையோடு வீடு வீடாகப் போய்க் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, காலனியைத் தனிப் பஞ்சாயத்தாகப் பிரித்துத் தரும்படி கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார்.

கலெக்டர் ஆபீசுக்காரர்கள் அந்த மனுவை எங்கள் பஞ்சாயத்துக்கே அனுப்பி, மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டுத் தீர்மானம் போட்டு அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார்கள். யாரிடமிருந்து பிரித்துவிடுங்கள் என்று கேட்டார்களோ, அவரிடமே போய்ப் பிரிக்கலாமா என்று கேட்டால் என்ன சொல்வார்?

பஞ்சாயத்துத் தலைவர் வேறு யாருமில்லை, என் மாமனாரின் தம்பி. மாமா என்றுதான் கூப்பிடுவேன். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. காலனியில் கல்யாணம் என்றால் தன் தோட்டத்து வாழைத்தாரை அனுப்பிவைப்பார். சாப்பிட மட்டும் போகமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் பள்ளி வராந்தாவில் கூட்டம். தீர்மானம் எழுத நான். என் கையெழுத்து அழகு, தமிழ் அழகு என்று மாமா நாலு பேர் நடுவில் சொன்னார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஊர்க்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், காலனிக்காரர்கள் வாசலில் நின்றார்கள். பெஞ்சில் இடம் இருந்தது. உட்காருங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

அந்தம்மாதான் பேசினார். "எங்களுக்கு உங்க மேல கோவம் ஒண்ணும் இல்லீங்க. எங்க தண்ணிய நாங்களே போட்டுக்கறோம். எங்க தெருவ நாங்களே பாத்துக்கறோம். தனியா பிரிச்சி வுட்ருங்க."

"வேணாம்னு யாரு சொன்னா?" என்றார் மாமா. குரலை உயர்த்தவே இல்லை. "ஒரேடியா பிரிஞ்சி போனா உங்களால சமாளிக்க முடியுமா? மொதல்ல ஒரு கமிட்டி போட்டுக்குங்க. தெரு லைட்டு, குப்ப, கொழாயடி, இதெல்லாம் நீங்களே பாருங்க. ஏரி, பொறம்போக்கு, மோட்டார் ரூம் சாவி, இதெல்லாம் பொதுவுல இருக்கட்டும். கொஞ்சம் பழகிக்குங்க, அப்புறம் பாக்கலாம்."

"பழகிட்டமான்னு யாருங்க சொல்றது?"

"நாங்க சொல்றோம்."

எனக்கு முகம் சுட்டது. அந்த வாரம்தான் கரும்பலகையில் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் அவனுக்கு, ஒரு பக்கம் நமக்கு என்று எழுதிப் போட்டிருந்தேன். வகுப்பில் தட்டிய அதே மேஜையைத்தான் வராந்தாவுக்குத் தூக்கி வந்து எனக்குப் போட்டிருந்தார்கள். நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் பக்கத்தில் தீர்மான நோட்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. முதலில் கையெழுத்து, அப்புறம்தான் எழுத்து. எழுதி முடிக்கிறவரை யார் காத்துக்கொண்டிருப்பார்கள்? மாடு கறக்கணும், மடை திருப்பணும். அதனால் மேலே ஒன்றரைப் பக்கம் காலி விட்டு, கீழே எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். வந்ததற்கு அடையாளம் என்று சொல்லித்தான் வாங்குவார்கள். காலனிக்காரர்கள் முதலில் தயங்கினார்கள். அந்தம்மா என்னைப் பார்த்தார். "டீச்சர்தான எழுதப் போறாங்க, போடுங்க" என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு முதல் ஆளாகக் குனிந்து தன் பேரை எழுதினார். அவருக்கு எழுத வந்ததே அந்தப் பேர் ஒன்றுதான். ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, பெரிது பெரிதாகப் போட்டார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் வீட்டு ஹாலில் மாமா சொல்லச் சொல்ல எழுதினேன். அவர் சொன்னது பேச்சுத்தமிழ், அதை அழகாக்கியது நான். "நிர்வாகத்தில் போதிய பயிற்சியும் பக்குவமும் பெறும்வரை தனிப் பஞ்சாயத்து தேவையில்லை என்று காலனி மக்கள் உட்பட அனைவரும் கருதுவதால், இத்தீர்மானம் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது." பக்குவம் என்ற வார்த்தையை நான்தான் போட்டேன். மாமா கேட்கக்கூட இல்லை.

"அவங்க அப்படிச் சொல்லலியே மாமா" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"கையெழுத்து போட்ருக்காங்க இல்ல" என்றார். "நீ எழுதும்மா."

எழுதினேன். பயம் ஒரு காரணம். அந்த வீட்டில்தான் நான் வாழ வேண்டும். ஆனால் பயத்தின் மேலேயே முழுப் பழியையும் போட்டால் அது பொய். வாக்கியம் நன்றாக வந்திருக்கிறது என்று எழுதி முடித்ததும் ஒரு சந்தோஷம் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஜூனில் பள்ளி திறந்த வாரம் அந்தம்மா ஒரு கவரோடு வந்தார். கலெக்டர் ஆபீஸ் பதில். மகளைவிட்டுப் படிக்கச் சொன்னாராம், ஆபீஸ் தமிழ் புரியவில்லை என்றாளாம். நான் மேலாகப் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு இல்லன்னு சொல்லியிருக்காங்க. அப்புறம் பாப்பாங்களாம்" என்றேன். தீர்மானத்தைப் பற்றி வந்த வரியை விழுங்கிவிட்டேன்.

அவர் கவருக்குள் கைவிட்டு இன்னொரு தாளை எடுத்தார். தீர்மானத்தின் ஜெராக்ஸ். அதையும் வைத்து அனுப்புவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"இது என் கையெழுத்து" என்று விரலை வைத்தார். "இது இன்னாத்துக்கு இதுல கீது?"

"கூட்டத்துக்கு வந்ததுக்குப் போட்டீங்களே, அது."

"வந்ததுக்குத்தான போட்டேன். மேல இன்னா எழுதியிருக்குது, படிங்க."

படித்தேன். தப்பிக்க வழியில்லை. பக்குவம் என்ற இடத்தில் குரல் இறங்கிவிட்டது. ஏகமனதாக என்றால் என்ன என்று கேட்டார். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம் என்றேன்.

"நான் எப்ப டீச்சர் ஒத்துக்கினேன்?"

மாமா எழுதச் சொன்னார் என்ற வார்த்தை வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அந்தம்மா என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டு தாளையும் மடித்துக் கவருக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அந்த வருஷமே பஞ்சாயத்தின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்து உட்கார்ந்தார். பல வருஷம் தேர்தலே இல்லை. மாமாவும் எதற்கெடுத்தாலும் மனுவைத் தூக்கிக்கொண்டு ஒன்றிய ஆபீஸ் வாசலில் நின்றார். எங்களுக்கு ஊரை நடத்தத் தெரியாதா என்று வீட்டில் கத்துவார். நான் காதில் வாங்காத மாதிரி இருந்துவிடுவேன். சாவி மட்டும் ஊரைவிட்டு நகரவில்லை. பின்னால் புறம்போக்கில் கம்பெனிச் சுவர் எழும்பியபோதும் காலனியில் யாரையும் கேட்கவில்லை, அவர்களுக்கென்று ஒரு பஞ்சாயத்து இருந்தால்தானே கேட்பதற்கு. அதில் என் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு முடிந்து ப்ராக்ரஸ் கார்டு கொடுத்தேன். அந்தம்மாவின் மகள் அப்போது என் பத்தாம் வகுப்பில் இருந்தாள். மார்க் மட்டும் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். பெற்றோர் கையெழுத்தோடு திரும்பி வந்த பிறகு, ஆசிரியர் குறிப்பு என்ற கட்டத்தை ஒரே மூச்சில் எல்லாருக்கும் நிரப்புவேன். வருஷா வருஷம் அப்படித்தான். அவள் கார்டு மட்டும் கையெழுத்து இல்லாமல் வந்தது.

ஏன் என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் கார்டில் அந்தக் கட்டத்தைக் காட்டினாள்.

"இது காலியா இருக்குது டீச்சர். நீங்க எழுதி முடிச்சாத்தான் கையெழுத்து போடுவேன்னு அம்மா சொல்லுச்சு."

வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்து, நன்றாகப் படிக்கிறாள், கணக்கில் கவனம் தேவை என்று எழுதினேன். அரையாண்டுக்கும் முழுஆண்டுக்கும் விட்டிருந்த காலிக் கட்டங்களில் பென்சிலால் மெல்லிசாகக் குறுக்குக் கோடு போட்டேன். மறுநாள் கார்டு கையெழுத்தோடு வந்தது. வீட்டில் அவளை ஒவ்வொரு கட்டமாக உரக்கப் படிக்கச் சொல்லி, இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் அம்மா போட்டாராம்.