ஆயில் இன்ஜினுக்குத் தமிழில் ஒரு நோட்டீஸ்

இயந்திரத்தைச் செய்கிறவன் ஒருத்தன், வாங்குகிறவன் ஒருத்தன். ஓடாவிட்டால் ஏச்சு வாங்குவது நோட்டீஸ் எழுதியவன். பிறருக்குப் புரிகிற மாதிரி எழுதப் போய் மாட்டிக்கொண்டவர்கள் உங்களில் இருந்தால், நீங்களும் நம் கட்சி.

சிலோனில் வேலை போய்த் திரும்பியபோது எனக்கு வயது நாற்பத்தேழு. தமிழும் இங்கிலீஷும் படித்தவன் என்பதால், தென்காசியில் கிணற்றுப் பம்புக்கான ஆயில் இன்ஜின் விற்ற முதலாளி ஒருவர், கம்பெனிப் புத்தகத்தை விவசாயம் பார்க்கிற சம்சாரிகளுக்குப் புரியும்படி ஒரு தாளில் எழுதச் சொன்னார். குற்றாலச் சாரல் சீசன் முடியும்வரை பார்ப்பாராம். சரிப்படாவிட்டால் நான் வேறு இடம் தேட வேண்டியதுதான். எங்கள் வீட்டில் அந்தச் சம்பளத்தை நம்பித்தான் உலை வைத்தோம்.

வந்ததும் தண்ணீர்

ஓட்டுவதற்கு முன் பம்புக்குள் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும் என்று எழுதியிருந்தேன். வடகரைச் சம்சாரி ஒருவர் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். தண்ணீர் எடுக்க வாங்குகிற சாமானுக்கு நாம் எதற்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பது அவர் சந்தேகம். வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் செம்பில் தண்ணீர் கொடுப்பதில்லையா, அப்படித்தான் என்றேன். முகம் தெளிந்தது.

"எம் மருமவனும் வந்ததும் தண்ணிதான் கேப்பான், அண்ணாச்சி. பெறவும் வேலை பாக்க மாட்டான். இது பாக்கும்லா?"

எண்ணெய்க் குளியல்

இந்த வெற்றியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த நோட்டீஸில், 'குற்றாலத்தில் அருவிக்குப் போகுமுன் நாம் எண்ணெய் தேய்த்துக்கொள்வதுபோல, இன்ஜினுக்கும் எண்ணெய் அவசியம்' என்று எழுதினேன். எந்தத் துளையில் விடுவது என்பதைக் கம்பெனிப் புத்தகம் படம் போட்டுக் காட்டியிருந்தது. என் தாளில் படம் இல்லை.

திருவேங்கடத்துக்காரர் ஒருவர் புது இன்ஜினை லாரியில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்தார். கடை முழுக்க நல்லெண்ணெய் வாசம். மேலிருந்து கீழ்வரை தேய்த்து, ஊறவைத்து, சீயக்காயும் போட்டிருந்தார். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் சாரல் அன்றே முடிந்துவிட்டது. வந்தவரோ பிசகு தன்னுடையது என்பதுபோலத் தயங்கினார்.

"அருவின்னு போட்டிருக்கீய. எங்க ஊர்ல அருவிக்கு நான் எங்கன போவேன்? கொடத்தாலதான் ஊத்தினேன். அதான் கோவிச்சுக்கிட்டோ என்னமோ."

வாய்ப்பூட்டு

முதலாளி கடைசியாக ஒரு வாய்ப்பு கொடுத்தார். உவமை கூடாது. பாவூர்சத்திரத்து ஆட்கள் இன்ஜின் பார்க்க வருகிற நாளில், இன்ஜினைத் தொட்டே அறியாத முதலாளி தாளை மட்டும் பார்த்து அதை ஓட்டுவார். தாள்தான் பேச வேண்டும். நான் வாயைத் திறந்தால் அன்றோடு வேலை போச்சு.

ஓட்டுவதை முன்பக்கமும் நிறுத்துவதைப் பின்பக்கமும் எழுதிக் கொடுத்தேன். எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று, அன்றைக்கு நான் வருமுன்பே முதலாளி அதை மைதாப் பசை தடவிச் சுவரில் ஒட்டிவிட்டார்.

வரி வரியாகப் படித்து ஹாண்டிலைச் சுற்றினார். டபடபவென்று கிளம்பிவிட்டது. நிறுத்தத்தான் சுவரில் வழியில்லை. நான் சுவரைச் சுட்டி, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். சாடையும் பேச்சில் சேர்த்தி என்று என்னை அடக்கினார். மெக்கானிக்கோ வெளியூர் போயிருந்தார். புகையில் கடை மறைந்தது. பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். டீசல் தீர்ந்துதான் இன்ஜின் ஓய்ந்தது. வேலை போச்சு என்று நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த ஒரு சம்சாரி இன்ஜினைத் தட்டிக்கொடுத்தார். "மத்த கடையில கெளம்பவே மாட்டேங்குது. இது மொதலாளி சொல்லியும் நிக்க மாட்டேங்குது. எனக்கு இதையே கட்டுங்க."

முகமெல்லாம் கரியோடு முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கும் வாரும்வே. ஆனா நிறுத்துறத மொதப் பக்கத்துலயே எழுதிட்டு வாரும்."

புரியும்படி எழுதுவது எங்கள் தொழிலில் பாதி வேலை. எழுதியதை எங்கே ஒட்டுகிறார்கள் என்று கூடவே போய் நின்று பார்ப்பது மீதிப் பாதி.