பெரியம்மா வீட்டு மாப்பிள்ளை

பழைய நாவல்களில் கண்டிப்பான உறவுக்காரி ஒருத்தி கட்டாயம் இருப்பாள். வீட்டையே ஆட்டிப் படைத்துவிட்டு, கடைசி அத்தியாயத்தில் மனமிளகி, அழுது, எல்லோரையும் கட்டிக்கொள்வாள். என் தங்கைக்கு அப்படிப்பட்ட நாவல்கள் என்றால் உயிர். எனக்கோ அந்தக் கடைசி அத்தியாயத்தில் நம்பிக்கையே வந்ததில்லை. எங்கள் வீட்டில் பெரியம்மா இருந்தார்.

பெரியம்மா என்றால் அம்மாவின் மூத்த அக்கா. கல்யாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்கும் துணிவு சொந்தக்காரர் யாருக்கும் இல்லை. நாங்கள் சின்னவர்களாக இருந்தபோதே அம்மா நோயில் போய்விட்டார். பிறகு எங்களைக் குளிப்பாட்டியது, படிப்பித்தது, காய்ச்சல் என்றால் பக்கத்திலேயே இருந்தது, விளக்குமாற்று ஈர்க்கால் அடித்தது எல்லாம் பெரியம்மாதான். வவுணதீவில் இருக்கும் எங்கள் வயலையும் அவரே பார்த்தார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் பாலம் கடந்து அவர் வயல் வட்டைக்குள் இறங்கினால் போதும், வரம்பில் குந்தியிருந்து வெற்றிலை போடுகிறவர்கள் எழும்பி, சும்மா கிடந்த மண்வெட்டியைத் தேடி எடுப்பார்கள்.

வீட்டுக்குள்ளும் அதே கதைதான். டீவி எப்போது போடுவது, யார் வீட்டுக்குப் போகலாம், தங்கை என்ன படிப்பது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். அப்பா வாயே திறக்கமாட்டார். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டில் போய் இருப்பான். வீடு பெண்பிள்ளைக்குரியது. அப்படி வந்தவர் அப்பா. அம்மா போன பிறகும் வந்த மாப்பிள்ளையாகவே இருந்தார். பெரியம்மாவின் குரல் உயர்ந்தால் குரோட்டன்களுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார், மழை பெய்த நாளிலும். எனக்கும் பெரிதாக மரியாதை கிடையாது. "நீ ஆம்பிளப் புள்ள. இன்னொரு வீட்டுக்குப் போறவன்" என்று பெரியம்மா அடிக்கடி ஞாபகப்படுத்துவார்.

இந்த வீட்டில்தான் போன வருடம் தங்கை, தன்னுடைய கந்தோரில் வேலை செய்யும் ஒருவரைக் கல்யாணம் செய்யப் போவதாகச் சொன்னாள். பெரியம்மா "எந்த ஊர்?" என்று மட்டும் கேட்டார். தகப்பன் மட்டக்களப்புத்தான் என்றாள் தங்கை. தாய் மலைநாட்டுக்காரி, அவர் வளர்ந்தது பண்டாரவளையில் என்பதை விழுங்கிவிட்டாள்.

"கூட்டிற்று வா. பாப்பம்" என்றார் பெரியம்மா. அந்தப் 'பாப்பம்' எங்களுக்கு நன்றாகத் தெரியும். தங்கை ஆசைப்பட்ட எத்தனையோ நல்ல காரியங்கள் அதற்குள் போய்ச் செத்திருக்கின்றன. "அவரில்லாட்டி எனக்கு ஒருத்தரும் வேணாம் அண்ணா" என்று தங்கை என்னிடம் சொன்னாள். அவள் அழவில்லை. அதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது.

ஞாயிறு பின்னேரம் அவர் வந்தார். ஆற்றுப் பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தும் அறை புழுங்கியது. (வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம்.) கழுத்துவரை பட்டன் பூட்டிய சேர்ட்டோடு அவர் கதிரை நுனியில் இருந்தார். பக்கத்தில் அப்பா. தங்கை தேத்தண்ணித் தட்டோடு வந்து, தட்டை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். நான் கதவடியில் நின்றேன்.

வேலை, சம்பளம், படிப்பு எதையும் பெரியம்மா கேட்கவில்லை. "தம்பி, என்ன குடி?" என்றார்.

குடி என்பது எங்களுக்குத் தாய்வழியில் வரும் பரம்பரை. ஒரே குடிக்காரர் ஆணும் பெண்ணும் அண்ணன் தங்கை முறை. அவர்களுக்குள் கல்யாணம் என்ற பேச்சே எடுக்கக் கூடாது. பாவம், மலையில் வளர்ந்த அந்தப் பொடியனுக்கு இதெல்லாம் தெரியாது. இப்படி ஒரு கேள்வி வரும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். வாய்மொழிப் பரீட்சைக்கு வந்தவர் மாதிரி நிமிர்ந்து, தகப்பனின் குடியைச் சொன்னார்.

அது எங்கள் குடி.

பெரியம்மா தங்கையைப் பார்த்தார். "கேட்டயா? கூடப் பிறந்தவனக் கூட்டி வந்திரிக்காய்" என்றுவிட்டு எழும்பினார். அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது.  தான் சொன்னதில் என்ன பிழை என்று கூடப் பொடியனுக்கு விளங்கவில்லை.  எனக்கு வந்த கோபத்துக்குக் கதவை உதைத்திருப்பேன்.

"தம்பி, அது ஆர்ர குடி? அம்மாடயா, அப்பாடயா?"

கேட்டது அப்பா. பெரியம்மா பேசி முடித்த பிறகு அந்த அறையில் அப்பாவின் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

"அப்பாவோடது அங்கிள். அம்மா பண்டாரவளை. அவங்க பக்கம் அப்படி ஒன்னும் இல்ல."

"அப்ப முறையில பிழையில்ல அக்கா" என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி. "தகப்பன்ட குடிப் பொண்ணு மச்சாள் முறைதானே, கட்டலாம்."

"முறையா?" பெரியம்மா திரும்பினார். "தாய்க்குக் குடியில்ல, அவனுக்கும் குடியில்ல. குடியில்லாத ஒருத்தனுக்கு எப்புடிப் புள்ளயக் குடுக்கிற?"

அப்பா அடங்கிவிட்டார். இனி ஒருவரும் இல்லை என்று நான் நினைத்தபோது தங்கை ஓர் அடி முன்னால் வந்தாள்.

"பொறக்கிற புள்ளைக்கு எண்ட குடிதானே பெரியம்மா. அவருக்கு இல்லாட்டி என்ன குறஞ்சி போகும்?"

 பெரியம்மா கட்டிக் காத்த வழமையே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் தோற்றுப் பழக்கமில்லாதவர். கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"சரி. வீடு உனக்கு. நான் வயல் வாடிக்குப் போறன்."

இந்த இடத்தில் தங்கை காலில் விழுவாள் என்றுதான் எல்லோரும் காத்திருந்தோம். நான் விழுந்திருப்பேன். எங்களை வளர்த்த மனுஷி, இந்த வயதில் வயல் காவலுக்குப் போட்ட அந்தத் தகரக் கொட்டிலில் யானைக்கும் பாம்புக்கும் நடுவில் எப்படிக் கிடப்பார்?

"எப்ப போறீங்க, பெரியம்மா?" என்று தங்கை கேட்டாள்.

குரலில் கோபமில்லை, நடுக்கமில்லை. வயல்காரரிடம் பெரியம்மா வேலை வாங்கும் அதே குரல். 

பெரியம்மா அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. பாடத்தைப் பிழையில்லாமல் ஒப்புவித்த பிள்ளையை வாத்தியார் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார்.

"வேளாண்மை வெட்டி முடிய மறுகா போறன்" என்று அறுவடைவரை தவணை கேட்டார்.

"ஓம். பிந்தப்படா" என்றாள் தங்கை.

பெரியம்மா அறைக்குள் போகத் திரும்பினார். தங்கை வென்றுவிட்டாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு அந்தப் பொடியனை நினைக்கத்தான் கவலையாக இருந்தது. பெரியவர் போகிறாரே என்ற மரியாதையில் அவர் கதிரையை விட்டு எழும்பப் பார்த்தார்.

"நீங்க இரிங்க" என்றாள் தங்கை, அவரைத் திரும்பிப் பார்க்காமலே.

அவர் உடனே இருந்தார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். பக்கத்துக் கதிரையில் அப்பாவும் அப்படியேதான் இருந்தார்.